கடைசியாக எடுத்ததை முதலில் ஒட்டவும்

1. டீச்சர் கொண்டுவந்த போட்டோ

ஷட்டரைத் தூக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடி போட்ட ஓர் அம்மா நேராக என் மேஜைக்கு வந்து, பிரிண்ட் எடுத்த இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று மெயில், இன்னொன்று போட்டோ.

"இது என்னம்மா?"

"தராசு மேடம். கொக்கியில மாட்டி எடை போடுவாங்களே, அந்த டிஜிட்டல் தராசு."

"தராசுன்னு எனக்கும் தெரியுது. அதுமேல ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன?"

என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளை வெள்ளையாய் மீன் செதில். கொக்கியிலும் இருந்தது, பட்டன் இடுக்கிலும் இருந்தது.

"நான் ரிட்டர்ன் குடுத்தது பிரஷர் பாக்கற மிஷின். அவருக்கு ஒரே கையில மூணு தடவை பாத்தா மூணு நம்பர் காட்டிச்சு. உங்க ஆள்தான் வந்து வாங்கிட்டுப் போனார். கம்பெனில பெட்டியைத் திறந்தா இது இருந்துச்சாம். எங்க வீட்ல மீனே வாங்கறதில்லம்மா, அவருக்கு அலர்ஜி."

அவர் ஸ்டெல்லா டீச்சர். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் வசந்தி. அப்போது சேலையூரில் ஆன்லைன் கம்பெனிகளுக்கு டெலிவரி எடுக்கும் ஒரு ஹப்பில் ரிட்டர்ன் டெஸ்க் இன்சார்ஜ். கஸ்டமர் திருப்பிக் கொடுக்கும் பொருளை எங்கள் ரைடர்கள் வீட்டுக்குப் போய் வாங்கி வருவார்கள். அதைக் கம்பெனி குடோனுக்கு அனுப்பி வைப்பது என் பொறுப்பு.

மெயிலைப் படித்தேன். 'நீங்கள் திருப்பி அனுப்பியது எங்கள் பொருள் அல்ல. பயன்படுத்திய வேறொரு பொருளை அனுப்பியுள்ளீர்கள். விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"பணம் இருக்கட்டும். ஏமாத்துக்காரின்னு எழுதியிருக்காங்க. அது தப்புன்னு அவங்களே எழுதணும். கஸ்டமர் கேர்ல ஏழு பேருக்கு எழுதிட்டேன். ஏழு பேரும் வருந்துகிறோம்னு எழுதினாங்க. ஒருத்தர்கூட நான் எழுதினதைப் படிக்கல. கடைசி ஆள்தான் சொன்னார், பிக்கப் எடுத்தவங்க என்ன எடுத்தோம்னு எழுதிக் குடுத்தா மறுபடி பாக்கறோம்னு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அவரை நம்பவில்லை. ரிட்டர்ன் டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்கு வரும் வியாதி இது. அழுகிற கஸ்டமர், கத்துகிற கஸ்டமர், சாமி மேல் சத்தியம் செய்கிற கஸ்டமர் என்று தினமும் பார்த்து மனசு மரத்துப் போய்விடும். அதற்கு முந்தின வருஷம் பொத்தேரியிலிருந்து ஒரு காலேஜ் பெண் வந்தாள். புது ஷூவைத் திருப்பிக் கொடுத்தாளாம், பெட்டியில் பழைய செருப்பு இருந்ததாகக் கம்பெனிக்காரன் சொல்கிறானாம். இதே மேஜைக்கு முன்னால் நின்று தேம்பினாள். "நடிப்பு நல்லா இருக்குமா, சினிமால ட்ரை பண்ணு" என்று அனுப்பி வைத்தேன். ஹப்பே சிரித்தது. அந்தக் கதையைப் பல நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டீச்சரிடம் அப்படிப் பேச வாய் வரவில்லை. "விசாரிச்சு வைக்கிறேன் மேடம்" என்றேன்.

"நாளைக்கு வரேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவள் மாதிரி எழுந்து நின்றுவிட்டேன்.

2. கன்னியம்மாவின் போன்

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஹப் போன் அடித்தது. கன்னியம்மா. பள்ளிக்கரணையில் மீன் விற்கிறவர். விடியற்காலையில் கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு வந்துவிடுவார். அந்த வாரத்தில் இது மூன்றாவது போன். முதல் இரண்டு தடவையும் "கஸ்டமர் கேருக்குப் பேசுங்க" என்று வழக்கமான பாட்டைப் பாடி வைத்துவிட்டிருந்தேன்.

"இன்னா மேடம், என் தராசு இன்னாதான் ஆச்சு? மாத்தித் தர்றேன்னு வாங்கிக்கினு போனாங்க. இப்ப இன்னாடான்னா, நான் வேற பொருளு குடுத்து ஏமாத்திட்டேன்றான் போன்ல. பிரஷர் பாக்கற மிஷினு குடுத்தேனாம். நான் இன்னாத்துக்கு மேடம் பிரஷர் மிஷினு வாங்கப் போறேன்? எனக்கு பிரஷரே இவனுங்களாலதான் வருது!"

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"என்னைக்குமா வாங்கிட்டுப் போனாங்க?"

தேதி சொன்னார். டீச்சர் வீட்டுக்குப் போன அதே நாள். லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த ரூட்டில் ஐந்து பிக்கப். நான்காவது கன்னியம்மா, ஐந்தாவது ஸ்டெல்லா டீச்சர். ஐந்தையும் எடுத்தது ஏழுமலை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் கண்ணெதிரே நின்றவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இந்தப் பக்கம் மீன் விற்கிறவரும் மூன்று போனிலும் உண்மையைத்தான் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே ஏமாற்றுக்காரர்கள் என்று கம்பெனி எழுதி வைத்திருக்க, நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அன்று சாப்பிடவில்லை.

3. தலைக்கு மேலே ஒட்டியிருந்தது

சாயங்காலம் ஏழுமலை வந்ததும் பிடித்துக்கொண்டேன். நாற்பது வயது மனிதர். எங்கள் ஹப்பில் அவர்மேல் ஒரு புகார் வந்ததில்லை. ஆனாலும் எனக்கு இருந்த ஆத்திரத்தில் எதுவும் யோசிக்கவில்லை.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? டீச்சர் ஸ்டிக்கரை மீன் தராசுல ஒட்டியிருக்க, மீன்காரம்மா ஸ்டிக்கரை டீச்சர் பெட்டியில ஒட்டியிருக்க. கண்ணு எங்க போச்சு?"

 ஏழுமலை விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அந்தம்மா குடுத்த பெட்டி ஒரே மீன் வாடை. பையில போட்டா மத்த பார்சல்லாம் நாறிடும்னு வண்டி ஹாண்டில்ல தனியா மாட்டிக்கினேன். அப்புறம் டீச்சர் வூட்டுக்குப் போனேன், அவங்களுத பைக்குள்ள மேலாக்க வச்சேன். இங்க வந்து எறக்க சொல்ல ஹாண்டில்ல இருந்தது மொதல்ல கைக்கு வந்துச்சு. அதுக்குக் கடைசி ஸ்டிக்கரை ஒட்டிட்டேன். ரெண்டும் ஒரே சைஸ் பெட்டிக்கா."

"கடைசி ஸ்டிக்கரை ஏன்யா ஒட்டின?"

ஏழுமலை என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே கை காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், ஓரம் மஞ்சளாகிப்போன ஒரு தாள். கொட்டை எழுத்து. 'பிக்கப் ஸ்டிக்கரை ஹப்பில் வந்து ஒட்டவும். கடைசியாக எடுத்ததை முதலில் ஒட்டவும்.' கீழே என் கையெழுத்து.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.  

விஷயம் இதுதான். கஸ்டமர் வாசலிலேயே, அவர் கண் முன்னால், பெட்டியில் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதுதான் ரூல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் ஸ்டிக்கர் எல்லாம் நனைந்து உரிந்து, பார்சல்கள் யாருடையது என்று தெரியாமல் தேங்கின. அப்போது நான்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஸ்கேன் மட்டும் செய், பெட்டிகளை வரிசையாகப் பையில் அடுக்கு, ஹப்புக்கு வந்து ஈரமில்லாத கையோடு ஒட்டு. பையில் மேலே இருப்பது கடைசி வீட்டுடையது, அதனால் கடைசி ஸ்டிக்கரிலிருந்து ஆரம்பி. மழை போயிற்று, வழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நேரம் மிச்சமாகிறது என்று மேலிடத்தில் எனக்குப் பாராட்டு வேறு.

அந்தத் தாளுக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, அதில் எழுதியிருந்தபடி செய்தவரைப் பார்த்து உன் கண் எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறேன்.

4. ஸ்டெப்ஸ்

ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அசராமல் சொன்னார்.

"இதுக்கா டென்ஷன் ஆவுறீங்க? ரைடர் மிஸ்டேக்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. அவர் ஐடியை ப்ளாக் பண்ணிடலாம். கம்பெனிக்காரனும் சாட்டிஸ்ஃபைடு, அந்தம்மாவும் சாட்டிஸ்ஃபைடு. உங்க பேப்பர் மேட்டரெல்லாம் எழுதிடாதீங்க மேடம். ஆடிட்ல ஹப்பே மாட்டும். மொதல்ல போறது உங்க சீட்டுதான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் எழுதினேன். 'பிக்கப் ஊழியரின் கவனக்குறைவால் இரண்டு ரிட்டர்ன் பார்சல்கள் இடம் மாறிவிட்டன. வாடிக்கையாளர்மேல் தவறில்லை.' ஏழுமலை பெயரைப் போடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, லிஸ்டைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

மறுநாள் டீச்சர் வந்தார். லெட்டரை வாங்கி, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துக்கொண்டே படித்தார்.

"விடை இருக்கு. ஸ்டெப்ஸ் எங்க?"

"மேடம்?"

"கவனக்குறைவுன்னு போட்டிருக்க. எனக்குப் புரியல. அந்தத் தம்பி ரெண்டு வருஷமா எங்க தெருவுக்கு வரார், ஒரு நாள் தப்பு பண்ணதில்ல. அன்னிக்கு மட்டும் எப்படி மாறிச்சு? வாசல்ல என்ன செஞ்சார், இங்க வந்து என்ன செஞ்சார்? நடுவுல நாலு வரியைக் காணோமே. ஸ்டெப்ஸ் இல்லாம விடை மட்டும் எழுதினா நான் மார்க் போட மாட்டேன்மா. யார்கிட்டயோ பாத்து எழுதினதுன்னு அர்த்தம்."

மேனேஜரைப் பார்த்து எழுதியதுதான். 

ஷட்டர் ஓரத்தில் ஏழுமலை பையைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கும். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் சுவரைக் காட்டி ஒரு வார்த்தை டீச்சரிடம் சொல்லவில்லை.

நாற்காலிமேல் ஏறினேன். அந்தத் தாளைக் கிழியாமல் உரித்தேன். டீச்சர் முன்னால் வைத்தேன்.

"இதுதான் மேடம் நடுவுல இருந்த வரி."

படித்தார். என் கையெழுத்தையும் பார்த்தார். பேனாவை என் பக்கம் தள்ளினார்.

எல்லாவற்றையும் எழுதினேன். ரூல் என்ன, அதை மாற்றியது யார், மீன் வாடைக்காக ஒரு பெட்டி தனியாகத் தொங்கியது, வரிசை மாறியது, ஊழியர் என் எழுத்துப்பூர்வமான உத்தரவின்படிதான் செய்தார் என்பது. தாளையும் ஸ்கேன் செய்து இணைத்தேன். டீச்சருக்கு ஒரு பிரதி, கன்னியம்மாவுக்கு ஒரு பிரதி, இரண்டு பேர் சார்பிலும் கம்பெனிக்கு ஒரு மெயில்.

5. போகாத போன்

ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து டீச்சருக்குப் பதில் வந்தது. தவறு உங்களுடையது அல்ல, கணக்கு மறுபடி திறக்கப்பட்டது, எங்கள் முந்தைய மெயிலைத் திரும்பப் பெறுகிறோம் என்று. அதையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். கன்னியம்மாவுக்குப் புதுத் தராசு போய்ச் சேர்ந்தது. "இன்னா மேடம், இதையாவது ஒழுங்கா எட போட விடுவீங்களா?" என்று போன் செய்து கேட்டார்.

மேனேஜர் சொன்னது போலவே எனக்கு மெமோ வந்தது. இன்சார்ஜ் பதவி போய், புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான். ஏழுமலை ஐடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மழையில் டீச்சர் வீட்டில் வேறொரு ரிட்டர்ன் இருந்ததாம். வாசலில் ஸ்டிக்கரை நனையாமல் ஒட்ட முடியாமல் ஏழுமலை தடுமாறியபோது, "ஏன்பா மழைல நிக்கற, உள்ள வந்து ஒட்டு" என்றாராம். ஏழுமலை அதைச் சொன்னபோது எனக்கு மறுபடி ஓர் அதிர்ச்சி. இரண்டு வருஷம் ஒரு கோளாறான வழியை நடத்தினேனே, கஸ்டமரிடம் ஒரு நிமிஷம் உள்ளே நின்றுகொள்ளட்டுமா என்று ரைடர்களைக் கேட்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லையே.

டெஸ்க்கை ஒப்படைப்பதற்கு முன்னால் பழைய புகார் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்தத் தாள் சுவரில் இருந்த காலத்தில், பொருள் மாறிவிட்டதாக வந்த புகார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கையால் ஒரே குறிப்பு: 'கஸ்டமர் சொல்வது நம்பும்படி இல்லை. க்ளோஸ்டு.' அதில் பொத்தேரிப் பெண்ணும் இருந்தாள். அன்றைய பிக்கப் லிஸ்டைத் தேடி எடுத்தேன். அவளுக்கு முந்தின வீட்டில் எடுத்ததும் ஒரு செருப்புப் பெட்டிதான்.

இப்போது அந்த டெஸ்க்கில் உட்காரும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் கேட்டதற்காக ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். எதிரே நிற்பவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும்போது, முதலில் திரும்பி உங்கள் சுவரைப் பாருங்கள்.

ரிஜிஸ்டரில் இருந்த அந்தப் பொத்தேரிப் பெண்ணின் நம்பருக்குப் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அடுத்த நாளும் செய்து பார்த்தேன்.