படிக்கட்டில் வைத்த முட்டைகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நாலு வருஷம் உப்பு கிடையாது. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் சொல்லிவிட்ட அன்றைக்கே அம்மா ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவருக்குத் தனி, எங்களுக்குத் தனி என்று இரண்டு சமையல் செய்யவும் அவள் சம்மதிக்கவில்லை.

"அந்த மனுசன் எதிர்ல ஒக்காந்து நாம மட்டும் ருசியா தின்றதா? எனக்கு எறங்காது" என்றாள்.

எனக்கு மட்டும் தட்டோரத்தில் ஒரு சிட்டிகை. அதுவும் அப்பா கை கழுவி எழுந்த பிறகு.

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. முன்னறை அப்பாவின் வாடகை சைக்கிள் கடை. மாடி அறையை, ஆசிரமத்துக்குத் தியானம் செய்ய வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருஷம் வந்தவள் தைவான்காரி. என்னைவிடப் பத்து வயது பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன்.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் மந்தையோடு இறங்கியிருந்த சமயம். கீழ்பென்னாத்தூர் பக்கம் பஸ்ஸில் போன அக்கா, முப்பது வாத்து முட்டையோடு திரும்பினாள். அவள் ஊரில் இதை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பார்களாம். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டோம். விரிசல் இல்லாத முட்டைகளாகப் பொறுக்கி ஜாடியில் அடுக்கி அதை ஊற்றினோம். மிதந்து வராமலிருக்க மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு கல். ஒரு மாதம் தொடக் கூடாது, பிறகு வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்றாள்.

"மாடிக்காரங்களுக்குத்தானே, செஞ்சி குடு. ஜாடி மட்டும் என் சமையக்கட்டுல வேணாம்" என்றாள் அம்மா. அதனால் ஜாடி மாடிப்படிக்குக் கீழே, அப்பாவின் பழைய டயர்களுக்குப் பக்கத்துக்குப் போனது.

மூன்று வாரம் கழித்து அக்கா மௌன விரதத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தெருவுக்கு இது புதிதில்லை. மௌனத்தில் இருப்பவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பாத்திரம் காலியாகத் திரும்பும்.

மாதம் முடிந்ததும் முதல் முட்டையை வேகவைத்து நறுக்கினேன். மஞ்சள் கரு செக்கச்செவேலென்று, எண்ணெய் கசிந்துகொண்டு இருந்தது. நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு ருசி. மறுநாளிலிருந்து தினம் இரண்டு முட்டையை வேகவைத்து ஓட்டோடு ஒரு டப்பாவில் போட்டு அக்காவின் சாப்பாட்டோடு படியில் வைத்தேன். டப்பா காலியாக வந்தது. பிடித்துவிட்டது போல என்று பூரித்துப்போய் மூன்றாக்கினேன். அதுவும் காலி.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே சைக்கிளோடு சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் சட்டையைக் கழற்றி நர்ஸம்மா என் கையில் கொடுத்தார்கள். பையில் ஏதோ நறநறத்தது. கைவிட்டேன்.

முட்டை ஓடு. லேசான நீலம் பாரித்த ஓடு.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன். மௌனமாவது மண்ணாவது, மாடிக் கதவைப் படபடவென்று தட்டினேன். "அக்கா, முட்டை சாப்பிட்டீங்களா இல்லியா?" அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்.

எந்த முட்டை?

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்குள்ளிருந்து கை நீட்டினால் எட்டுகிற படி அது. முட்டையைத் தின்றுவிட்டுக் காலி டப்பாவை அவளுடைய பாத்திரங்களோடு வைத்திருக்கிறார் மனிதர். அவள் பேச மாட்டாள், நான் கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இரண்டை மூன்றாக்கியது என் கை. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா பிழைத்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் எழுந்துபோய் ஜாடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வேகவைத்தாள். இரண்டாக நறுக்கித் தட்டில் வைத்து, உப்பில்லாத கஞ்சியோடு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு பாதியைத் தின்றாள். மென்றுகொண்டே வெகுநேரம் அவரைப் பார்த்தாள்.

"நாலு வருசமா நானுந்தான் உப்பில்லாம தின்னேன். இவ்ளோ ருசியா ஒண்ணு கெடச்சிதே, அவளுக்கும் ஒரு துண்டு குடுப்போம்னு ஒரு நாள்கூட தோணலியா உங்களுக்கு?"

அப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. கோணிய பக்கத்தில் எச்சில் வழிந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டு, மிச்சப் பாதியையும் தின்று முடித்தாள்.