தினமும் எத்தனை பேர்

ஜீப்பை உயர்த்தலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இதை என் வீட்டுக்காரர் எங்கேயும் சொல்வதில்லை. காட்டிலும் மேட்டிலும் வண்டி ஓட்டும் நண்பர் குழு ஒன்று அவருக்கு உண்டு. அங்கே அது அவருடைய யோசனை.

எனக்கு வேண்டியிருந்தது மழைத் தண்ணீரில் நின்றுவிடாத ஒரு வண்டி, அவ்வளவுதான். மந்தைவெளியில் வீடு, கொட்டிவாக்கத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம். ஒரு மழையில் என் பழைய கார் தெருமுனைத் தண்ணீரில் உயிரை விட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். அதற்குப் பிறகுதான் ஜீப் வந்தது, என் பேரில். வார நாட்களில் நான் ஓட்டுவேன். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் அவர் செங்கல்பட்டுப் பக்கம் எங்காவது சேற்றில் இறக்கி, கழுவாமல் கொண்டுவந்து நிறுத்துவார். மறு மழையில் தண்ணீர் ஜீப்பின் கதவு விளிம்பையும் தொட்டது. இன்னும் இரண்டு அங்குலம் தூக்கினால் கவலை இல்லை என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சிந்தாதிரிப்பேட்டையில் அவருடைய குழுவுக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் இரண்டு ஸ்பிரிங்குகளை மேசைமேல் நிறுத்தினார். வண்டி உயர்வதென்னவோ இரண்டிலும் இரண்டு அங்குலம்தான். ஒன்று இளக்கம், மற்றது கெட்டி.

"கெட்டி ஸ்பிரிங்கு லோடு ஏறினாத்தான் சார் அமுங்கும். காலியா போனா தூக்கித் தூக்கிப் போடும். டெய்லி எத்தினி பேர் போறீங்கோ?"

சாவி என் கையில் இருந்தது. கேள்வி அவரிடம் போயிற்று.

"அஞ்சு பேர்," என்றார் அவர். "மேல டென்ட், பின்னால தண்ணி கேன், சமையல் சாமான்."

"தினமும் நான் ஒருத்திதானே போறேன்?" என்றேன்.

அவர் மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார். "இவங்களுக்கு இதெல்லாம் புரியாது. கெட்டியையே போடுங்க." மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்றபடி எடுத்தார்கள். பாறையில் இடிக்கும் என்று ஏறும் படியையும் கழற்றிவிட்டார்கள். படியில் கால் வைத்து ஏறுகிறவள் அங்கேயே நிற்கிறாளே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து நான் வேலைக்குப் போனது வண்டியில் இல்லை, உரலுக்குள். அடையாறு பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் எனக்கு மனப்பாடமாயிற்று. திருவான்மியூர் தாண்டி ஒரு வேகத்தடை உண்டு. அது வருவதற்கு முன்பே பல்லைக் கடித்துக்கொள்வேன். காலாண்டுப் பரீட்சை நேரத்தில் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இடுப்பில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது, குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் வந்து சொன்னேன்.

"புது ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆயிடும்," என்றார் அவர். மறுநாள் தி.நகரிலிருந்து சீட்டில் போட்டு உட்கார நடுவில் ஓட்டை போட்ட ஒரு மெத்தை வாங்கிவந்தார். தனக்கு டென்ட் வாங்க வாரக்கணக்கில் அலசி ஆராய்ந்த மனிதர். மெத்தையை மட்டும் பார்க்கிங் கிடைத்த முதல் கடையில் எடுத்திருக்கிறார். அதையும் பெருமையாகச் சொன்னார்.

அந்த அஞ்சு பேர் யார் என்பதும் அந்த மாதமே தெரிந்தது. ஜவ்வாது மலைக்குப் போனார்கள். அவரும் நாலு நண்பர்களும், டென்டும் தண்ணி கேனும். எனக்கு இடமில்லை என்றுகூட அவர் சொல்லவில்லை, ஏனென்றால் நானும் வருவேன் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. திரும்பிவந்து, "பாரத்தோட போனா வண்டி வெண்ணெய் மாதிரி போகுது," என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் நாள்கணக்கில் இறங்காத கோபம்.

ஒரு சனிக்கிழமை நானே பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

"சார் வரலியாம்மா?"

"இல்ல. இளக்கமான ஸ்பிரிங் போடணும். உயரம் குறையக் கூடாது. படியையும் மாட்டிடுங்க."

"படி இப்போ ஸ்டாக்குல இல்லம்மா. ஸ்பிரிங்கு கீது. சார் கைல ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே," என்று போனை எடுத்தார்.

"வண்டி என் பேர்ல இருக்கு. போனை உள்ள வைங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு வைத்தார். பிறகு, அன்று அவரிடம் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்டார். "டெய்லி எத்தினி பேர்?"

"ஒருத்தி."

"சாரு?"

"கிடையாது."

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஸ்பிரிங்கைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பித்தேன். மெக்கானிக் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது அதே பழைய பள்ளங்களில் வண்டி அமுங்கி எழுந்தது. உயரம் அப்படியே இருந்தது. வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. அவராகக் கவனிப்பாரா என்று பார்க்கலாம் என்றிருந்தேன்.

மறுநாள் பூசைக்கு அவர்தான் ஓட்டினார். வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா? ஓட ஓட செட் ஆயிடும்னு சொன்னேன்ல. நீதான் நம்பல." பிறகு, "அடுத்த வாரம் ஏலகிரி. அதே செட்டு," என்றார்.

"அஞ்சு பேர் ஏறினா பின்பக்கம் தரையைத் தட்டும்," என்றேன். "நேத்து ஸ்பிரிங்கை மாத்திட்டேன். தினமும் எத்தனை பேர்னு கேட்டாங்க. ஒருத்தின்னு சொன்னேன்."

வண்டியை ஓரங்கட்டினார். "யாரைக் கேட்டு மாத்தின?"

"டாக்டரைக் கேட்டு."

அவர் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கத்தினார். கழற்றிய ஸ்பிரிங்கை யாருக்கும் கொடுத்துவிடாதே என்றார். முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். டாக்டர் என்ற சொல் இப்போதாவது அவர் காதில் விழுந்திருக்கும், இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இருந்தேன், அதுதான் வெட்கக்கேடு.

போனை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"இப்போ ஏலகிரிக்கு நான் எதுல போறது?" என்றார்.

படியில்லாத வண்டியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கினேன். கோயிலுக்கு மிச்ச தூரத்தை நடந்தே போனேன்.