சேதி வந்தால் எழுந்திருக்கிறேன்

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, தவக்காலத்தில் ஒரு காலை. மரக்காணத்தைத் தாண்டி ஒரு கடலோர ஊரின் மாதா கோயில். நான் அப்போது குயிலாப்பாளையம் பக்கம் ஒரு பழைய மரச்சாமான் கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு சொந்த ஊரான காணையை விட்டுக் கிளம்பியவன். விக்கிரவாண்டியில் புரோட்டாக் கடை, திண்டிவனத்தில் லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்தேன். கடையில் விலை போகாத கட்டில்தான் படுக்கை.

கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போடப் போகிறார்கள், பழைய சாமான்களை எங்கள் முதலாளி விலை பேசி முடித்துவிட்டார். வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்துக் கோயில் அது. படிக்கட்டு வைத்த பிரசங்க மேடை, பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி, நற்கருணை வாங்க முழந்தாளிடும் மரக் கிராதி எல்லாம் டெம்போவில் ஏறிவிட்டன. மிச்சம், மாதா சுரூபத்துக்கு எதிரே இருந்த முதல் பெஞ்சு. கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலின் தேக்கில் செய்ததாம். அதில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி மீன் கூடை. தலையில் பூ.

எழுந்திருக்கச் சொன்னேன். அவர் அசையவில்லை.

கோயில் உபதேசியார் என்னைத் தள்ளி அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். கடலுக்குப் போனவர் திரும்பத் தாமதமானால், அந்த வீட்டுப் பெண் வந்து உட்காரும் பெஞ்சு அது. சேதி வரும்வரை அது அவளுடைய இடம், வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இந்த அம்மாவின் கணவர் ஒரு புயலில் போனவர். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. ஊர் அவருக்கு இறந்தோர் பூசை வைத்து முடித்துவிட்டது. இவர் மட்டும் மீன் விற்ற கையோடு தினமும் வந்து உட்கார்கிறார். பெஞ்சு போய்விட்டால் ஊர் சொன்னதே முடிவாகிவிடும்.

"இதே பேஜாராப் போச்சு. எழுந்திரு யக்கா, வண்டி நிக்குது. அவரு போயி எத்தினி வருசமாச்சு?" என்றார் கோயில் கமிட்டித் தலைவர்.

"அவரு போனத நீ பாத்தியா? பாத்தவன வரச் சொல்லு, எழுந்துக்கறேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இன்னாடா வேடிக்க? பெஞ்சோட சேத்துத் தூக்கு. தானா எறங்கும்."

எனக்கு என்ன வந்ததோ, தோளில் இருந்த கயிற்றைக் கீழே போட்டேன். பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"இப்ப ரெண்டு ஆளு வெயிட்டு மொதலாளி. தூக்குங்க."

டிரைவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நீ இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? உன் வூட்டு ஆளு கடல்ல கீறாரா?"

"இல்லீங்கம்மா."

"அப்ப எழுந்திரு."

எழுந்தேன். ஆனால் போகவில்லை, பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன். சத்தம் கேட்டுப் பங்குச் சாமியார் வந்தார். இளவயது, ஊருக்குப் புதிது. அவரையும் அந்த அம்மா விடவில்லை.

"சேதி கொண்டாங்க சாமி. நானே ஒரு பக்கம் புடிச்சி வண்டில ஏத்தறேன்."

சாமியார் அந்த அம்மாவின் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு, "இது இருக்கட்டும்" என்று கமிட்டித் தலைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டெம்போ என்னை விட்டுவிட்டுப் போனது. வேலையும் அதோடு போனது. வெயிலில் மரக்காணம்வரை நடந்தேன்.

போன வருடம் போர்வெல் வண்டியோடு அந்தப் பக்கம் போனபோது கோயிலை எட்டிப் பார்த்தேன். பளபளக்கும் தரை, வரிசையாக நீல நாற்காலிகள். அவற்றுக்கு முன்னால் அந்தக் கறுத்த பெஞ்சு. அவரும் இருந்தார், தலையில் பூவும் இருந்தது.

"இன்னா, மறுபடியும் வண்டி இட்டாந்துட்டியா?" என்றார்.

படுத்த இடம், பார்த்த வேலை என்று எத்தனையோ இடங்களிலிருந்து என்னை எழுப்பி விரட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், இப்போதெல்லாம் ‘எதற்காக?’ என்று கேட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்தே இருக்கிறேன்.