டீவியேஷனில் தேறிய ஆறாவது பாட்டு

1. உயரமே தகுதி

நான் பேஸ் வாசிக்க வந்ததற்குக் காரணம் இசை ஆர்வம் இல்லை, உயரம். ஓசூரில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த முதல் வருடம். ஆயுத பூஜைக்கு ஆர்கெஸ்ட்ரா ஏற்பாடாகியிருந்தது. பெங்களூரில் ஏதோ கிளப்பை மூடியபோது எங்கள் பர்சனல் மேனேஜர் ஆசைப்பட்டு ஒரு டபுள் பேஸைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வயலினை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நிற்க வைத்தால் அதுதான் டபுள் பேஸ். வாசிக்க வேண்டியவர் அன்று வரவில்லை. மேனேஜர் ஷாப் ஃப்ளோரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நீதான் உயரமா இருக்கே. அதுங்கிட்டே போய் நில்லு.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது சார்.”

“இங்க யாருக்குத் தெரியும்? நாலு கம்பி இருக்குது. ஏதாச்சும் ஒண்ணப் புடிச்சு இழுத்துக்கினே இரு.”

இழுத்தேன். பிரஸ் மிஷின் அடிக்கும் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஒரே கம்பியை இழுத்தேன். முடிந்ததும், கீபோர்டு வாசிக்கப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆல்பர்ட் சார் என் பக்கம் வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“பூரா ஒரே நோட்டு. அதுவும் தப்பான நோட்டு. ஆனா டைம் ஒரு எடத்துலகூட ஆடல. சண்டே வர்றியா, சரியான நோட்டு எதுன்னு காட்டறேன்.”

போனேன். அவர்தான் ஜாஸைக் காட்டினார். ஒரு மெட்டை முதலில் ஒழுங்காக வாசிக்க வேண்டும். பிறகு அவரவர் இஷ்டத்துக்கு அதைக் கலைத்து விளையாடலாம். விளையாடுகிறவர்கள் விழாமல் இருக்கக் கீழே தரையாக ஒருவர் நிற்க வேண்டும், அதுதான் பேஸ். இருபது வருடத்துக்கு மேல் பெங்களூர் ஹோட்டல்களில் சனி, ஞாயிறு அந்தத் தரையாக நின்றேன். பேஸோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்பார், “இவரு யாரும்மா?” “எங்க வீட்டுக்காரரு. வாயத் தொறக்க மாட்டாரு” என்பேன். என் வீட்டுக்காரர் இதை இன்றுவரை ரசித்ததில்லை.

2. பெயிண்டர் திருத்திய போர்டு

வி.ஆர்.எஸ். வாங்கியதும் பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் வகுப்பு தொடங்கினேன். போர்டில் எழுத ‘ஜாஸ் இசை வகுப்பு’ என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன் என்று பெயிண்டர் இரக்கப்பட்டு, ‘ஜாஸ்தி இசை வகுப்பு’ என்று எழுதி மாட்டிவிட்டார். கழற்றச் சொல்லலாம் என்று மாடிப்படி இறங்கினேன். அதற்குள் கீழே இரண்டு பேர் நின்றுகொண்டு, “மத்த எடத்தவிட ஜாஸ்தியா சொல்லித் தருவீங்களா மேடம்?” என்றார்கள். போர்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வகுப்பில் நான் அதிகம் சொன்ன வார்த்தை ‘கம்மி’தான். வந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். வாரம் பூரா மிஷினோடு கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கையில் கம்பி கிடைத்ததும் அத்தனை நோட்டையும் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். கத்திக் கத்தித் தொண்டை போனதால் கை ஜாடைக்கு மாறினேன். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் கம்மி. மேலே தூக்கினால் ஜாஸ்தி.

இந்த ஜாடைக்கு மிகவும் கட்டுப்பட்டவர் முனிரத்தினம். தளியில் ரோஜா பயிரிடுகிறார், வயது ஐம்பத்திரண்டு. முதல் வகுப்பிலேயே நான் அவருக்கு நாற்பது தடவை கம்மி காட்டியிருப்பேன். அதற்குப் பிறகு என் கை கீழே இறங்கினால் போதும், டீ குடித்துக்கொண்டிருந்தாலும் டம்ளரை வைத்துவிடுவார்.

3. குளிர் அறை

இத்தனை வருடம் வாசித்தும் என் பெயரில் ஓர் ஆல்பம் கிடையாது. பேஸ் வாசிக்கிறவரை யாரும் ஆல்பம் போடச் சொல்லிக் கேட்பதில்லை. போன வருடம் ஆல்பர்ட் சார், ஒரேயடியாக மகளோடு இருக்க வெளிநாடு போவதாகச் சொன்னபோதுதான் எனக்குத் திக்கென்றது. அவர் இல்லாமல் நாங்கள் சேர்ந்து வாசித்த மெட்டுகளை வாசிக்க எனக்குத் தெரியாது, வாசிக்கவும் பிடிக்காது. கையில் ஒரே ஒரு நாள் இருந்தது. அதற்குள் ஆறு பாட்டைப் பதிவு செய்துவிட நினைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஏர்போர்ட் கார்.

ஸ்டுடியோ எதுவும் காலி இல்லை. முனிரத்தினம் சொன்னார், “என் கோல்டு ரூமுக்கு வந்துடுங்க மேடம். சொவரு அரை அடி மொத்தம். உள்ள கத்தினா வெளிய கேக்காது. பூவ நான் வெளிய வெச்சுக்கறேன், மிஷின ஆஃப் பண்ணிடறேன்.”

ஆல்பர்ட் சார், டிரம்மர் நாகராஜ், நான். மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதற்கு அந்தப் பக்கம், குளிர் வைக்கும் பேனலுக்குப் பக்கத்தில், முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு பக்தியோடு நின்றார். மதியம் இரண்டுக்குள் ஐந்து பாட்டு முடிந்துவிட்டது.

ஆறாவது என் சொந்த மெட்டு. அதில் நாகராஜ் உற்சாகமாகிவிட்டார். நான் கம்மி காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். இன்னொரு தடவை அழுத்திக் காட்டினேன். பாட்டு முடிந்து கேட்டுப் பார்த்தால், அடியில் “உம்ம்ம்” என்று ஓர் இரைச்சல்.

“கேபிள்” என்றார் ஆல்பர்ட் சார். “ஆம்ப்” என்றார் நாகராஜ். மூன்று பேரும் மண்டி போட்டு இருபது நிமிடம் ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினோம். கடைசியில் ஆல்பர்ட் சார் விரலை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

“ஏம்மா, என் விரலெல்லாம் ஃபிரிட்ஜ்ல வெச்ச பீன்ஸ் மாதிரி ஆயிடுச்சே. உனக்கு?”

கதவைத் திறந்தேன். பேனலில் நாலு டிகிரி என்று காட்டியது.

“யார்ங்க மிஷின போட்டது?”

“நீங்கதானே மேடம் கம்மின்னு கை காட்டினீங்க. போட்டு, கம்மி பண்ணேன். மறுக்கா காட்டினீங்க. இன்னும் கம்மி பண்ணிட்டேன்.”

மணி மூன்று. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த பக்கெட்டுகளைக் கவனித்தேன். எங்களுக்காகக் காலையிலிருந்து வெளியே நின்ற ரோஜா. மொட்டாக மார்க்கெட் போக வேண்டியவை வாயைத் திறக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் போனால் அவ்வளவும் வீண்.

“நெசமாலுமே கை காட்டினீங்க மேடம்” என்றார் முனிரத்தினம், என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு. பிறகு குரல் இறங்கியது. “எனக்கும் அது வசதியாப் போச்சு.”

சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட நேரமும் இல்லை. “மிஷின் ஓடட்டும். பூவ உள்ள கொண்டாங்க” என்றேன்.

“அப்போ அந்த உம்ம்ம்?” என்றார் நாகராஜ்.

பேஸில் காதை வைத்து, மிஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜி நோட்டுக்கு ஒரு நூல் ஜாஸ்தி. இன்ஸ்பெக்டர் புத்தி, அளக்காமல் விடாது. நாலு கம்பியையும் அந்த ஒரு நூல் ஏற்றி முறுக்கினேன். ஆல்பர்ட் சார் கீபோர்டில் ஏதோ பட்டனை அமுக்கி அவரும் அதே சுருதிக்கு ஏறிக்கொண்டார். முனிரத்தினம் கொடுத்த ஸ்வெட்டர், மங்கி கேப், முழங்கால் வரை ரோஜா. மிஷின் சுருதி பிடிக்க, ஒரே டேக்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கீழே ஒரு தரை இருந்தது. நான் மேலே ஏறி விளையாடினேன். எதிரே ஆல்பர்ட் சார் சிரித்துக்கொண்டே வாசித்தார், கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. குளிர் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கார் வந்தது.

4. கற்றது

அளவில் தப்பியிருந்தாலும் வேலைக்கு ஆகும் என்கிற பீஸைக் கம்பெனியில் ‘டீவியேஷனில் பாஸ்’ என்று எழுதி அனுப்புவோம். என் சர்வீஸில் அந்தக் கையெழுத்தைப் போட எனக்கு மனசே வராது. ஆறாவது பாட்டின் டேக் ஷீட்டில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆல்பத்துக்குப் பெயர் ‘கம்மி ஜாஸ்தி’. வாசித்தவர்கள் பட்டியலில் நாலாவது பெயர் முனிரத்தினம், குளிர் மிஷின்.

ஆன்லைனில் வந்ததும் ஆல்பர்ட் சார் அங்கிருந்து போன் செய்தார். “கடைசிப் பாட்டுல அடியில ஒருத்தன் வாசிக்கறான் பாரு. பூரா ஒரே நோட்டு, டைம் ஒரு எடத்துலகூட ஆடல. உன்ன மொத மொதல்ல பார்த்த மாதிரியே இருக்குது.”

வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இப்போது முதல் பாடமாக இதைத்தான் சொல்கிறேன். கை காட்டும் முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பார்க்காமல் காட்டிவிட்டீர்களா, ஒயரைத் தேடாதீர்கள். கம்பியை ஒரு நூல் முறுக்குங்கள்.