பேரப்பிள்ளைப் படங்களும் தர்மலிங்கம் அங்கிளும்

இல்லை, அவர் பேரப்பிள்ளையை ஒருநாளும் தூக்கவில்லை. செத்தவீட்டில் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் காரணம் நீங்கள் நினைப்பது அல்ல.

செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. திரைவட்டத்து றபீக் நானாதான் தொலைபேசியில் எடுத்தார். "புள்ள, எங்கட தர்மலிங்கத்தார் போயிட்டார். நெஞ்சுநோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே." துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. எனக்கும் கேட்டது, தொலைபேசிக்குள்ளும் கேட்டது.

எங்கள் திரைவட்டத்துக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். இழுவைப்படகில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியே இருந்தார். மாதம் ஒரு ஞாயிறு, பின்னேரம், வாசிகசாலை மாடியில் ஒரு பழைய அமெரிக்கப் படம் போடுவார். பெரும்பாலும் ஒரே வகைதான். சாப்பாட்டு மேசையில் மகள் தான் பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்வாள். எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். தகப்பன் மட்டும் எழுந்துபோய்க் கண்ணாடியில் தன் தலைமயிரைப் பார்ப்பான்.

நான் பல்கலைக்கழகத்தில் கனமான படங்கள் பார்த்துவிட்டு வந்தவள். "இது வெறும் குடும்பக் கூத்து அங்கிள்" என்றேன்.

"ஓம் பிள்ளை, கூத்துத்தான். சிரிக்காமல் ஒருக்காக் கிழவனாகிப் பாரும். ஏலாது."

மகள் சாந்தினி அக்காவுக்குப் பிள்ளை பிறந்த அன்று நடந்ததை அவரே எங்களுக்குச் சொன்னார். அந்தப் படங்களில் ஆண்கள் ஒரு பெரிய கண்ணாடிக்கு இப்பால் நின்று, வரிசையாகக் கிடக்கும் குழந்தைகளைப் பார்ப்பார்கள். இவர் சவரம் செய்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடியைத் தேடி மூன்று வாட்டுகள் நடந்திருக்கிறார். கடைசியில் ஒரு தாதி மறித்தாராம். "ஐயா, இங்க அப்பிடிக் கண்ணாடி ஒண்டும் இல்லை. பிள்ளை தாயின்ர கட்டிலில. போய்த் தூக்குங்கோ."

"படத்தப் பாத்துட்டுப் புள்ள பாக்கப் போன ஒரே மனிசன் நீங்கதான்" என்றார் றபீக் நானா. மாடி முழுக்கச் சிரிப்பு.

"தூக்கினீங்களா?" என்று கேட்டேன்.

"பார்க்கிற நேரம் முடிஞ்சுது" என்றார்.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு உவர்மலையில், அக்காவின் மாமியார் வீட்டில். பிள்ளை கைமாறிக் கைமாறி வந்தது. அவருடைய முறை வந்தபோது இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வேர்த்துப்போய் நிக்கிறன், வேண்டாம்." அக்கா நீட்டிய பிள்ளையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டார். பின்னேரம் முழுவதும் அவர் ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கயிற்றில் ஒரு கை.

"சம்பந்தி, ஏணை ஆட்டவோ வந்தனீங்கள்?" என்றார் மாமியார்.

"இயந்திரம் பார்த்தவனுக்கு ஓடுற சாமானுக்குப் பக்கத்திலதான் இருக்கத் தெரியும்."

அடுத்த படத்துக்கு அறிவிப்புப் பலகை எழுதவேண்டும். எப்போதும் அவர்தான் எழுதுவார். அன்று சோக்கட்டியை என்னிடம் தந்தார். ஏன் என்று கேட்டேன். வலது கையை மேசைக்கு மேல் நீட்டிக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. நரம்பு வருத்தம். ஒரு வருடமாகக் குளிசை எடுக்கிறார். அக்காவுக்குத் தெரியாது.

"படத்தில அந்த மனிசன் கிழவனாகப் பயப்பிடுறான், எல்லாரும் சிரிக்கினம். பிள்ளையைக் கீழ போட்டிடுவன் எண்டு பயப்பிடுறவனை வைச்சு ஒருத்தரும் படம் எடுக்கேல்ல."

அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன்.

"சொன்னால் என்னைத் தன்னோட கூட்டிக்கொண்டு போவாள். மாமியார் வீட்டில அவள் பார்க்கிறதுக்கு ஒரு பிள்ளை போதும். நீரும் சொல்லக்கூடாது."

ஓம் என்றேன். யோசிக்காமல் சொன்ன ஓம்.

எட்டு மாதம். அவர் உவர்மலைக்குப் போனார், வந்தார். பிள்ளையிடம் கதை சொன்னார். இழுவைப்படகு மாதிரி ஊதிக் காட்டினார். தூக்கவில்லை.

செத்தவீட்டில் சாந்தினி அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார். அழவில்லை. "அப்பாவுக்கு இவளைப் பிடிக்கேல்ல. பெடியன் எண்டால் தூக்கியிருப்பார் போல." மடியில் பிள்ளை அவருடைய வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் அங்கிளுக்குக் கொடுத்த வாக்கு. வாக்கு வாங்கியவர் நடுவில் கிடக்கிறார். ஒரு பெண் பிள்ளை, தன்னை அம்மப்பா வெறுத்தார் என்று கேட்டு வளரப்போகிறது.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு பழக்கம்தான். இப்போது எந்தப் படத்திலும் முகங்களுக்கு முதல் கைகளைப் பார்க்கிறேன். யார் எதைத் தொடுகிறார்கள், யார் தொடாமல் நிற்கிறார்கள். நான் பெரிதாக நினைத்த படங்கள் சில இதில் தேறவில்லை. அவருடைய கூத்துகள் சில தேறின.

அந்தியேட்டி நினைவு மலருக்கு இதை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அச்சுக்குக் கொடுக்கவில்லை. நேற்று உவர்மலைக்குக் கொண்டுபோனேன். அக்கா குசினியில் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். இதுவரை உள்ளதை வாசித்தேன்.

"சாப்பிடேக்கையும் நடுங்கினதோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம். அதனாலதான் இங்க தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனவர்."

அறையில் பிள்ளை எழும்பி அழுதது. அக்கா அசையவில்லை. நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய மடியில் வைத்தேன்.