ஜில்லா பிரிந்தபோது நான் கட்டிய மூட்டைகள்

ரெக்கார்டு அறைக் குமாஸ்தாவைக் காகிதம் கிடைத்தால் யாரும் நினைக்க மாட்டார்கள், கிடைக்காவிட்டால் பெயர் சொல்லித் தேடுவார்கள். இந்த உத்தியோகத்தில் உழன்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிவப்புத் துணி, வெள்ளைத் துணி

வடஆற்காட்டைப் பிரித்துச் சித்தூரைத் தனி ஜில்லாவாக்கி, எங்கள் பக்கத்துக்கு வேலூரைத் தலைநகரமாக்கினார்கள். நான் ஆம்பூர்க்காரன், சித்தூரில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவன். தமிழும் தெலுங்கும் படித்தவன் என்பதால் தஸ்தாவேஜு பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பத்தே நாள் கெடு. ஒவ்வொரு கிராமமும் எந்தத் தாலுகா என்று பார்க்கப் பொழுதில்லை. தெலுங்குக் காகிதமெல்லாம் சிவப்புத் துணியில், சித்தூரிலேயே இருக்கட்டும். தமிழ்க் காகிதமெல்லாம் வெள்ளைத் துணியில், வேலூருக்கு வண்டி ஏறட்டும். பக்கத்து மேஜை ராகவய்யா எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா, ஜில்லாவ பிரிக்கச் சொன்னா பாஷைய பிரிச்சிக்கினு கீற?"

செவ்வாய்க்கிழமை

ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் வேர்க்கடலை போடுகிற முனுசாமி, வெள்ளை மூட்டைகளோடு நானும் மாற்றலாகி வந்திருந்த வேலூர் ஆபீசுக்கு வந்தார். காட்டு எல்லை அளந்தவர்கள் அவர் கடலைக் கொல்லையையும் உள்ளே சேர்த்துக் கல் நட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. நிலம் அப்பன் காலத்திலிருந்து தங்களுடையது என்று காட்டப் பழைய அளவுக் காகிதம் வேண்டும். வெள்ளை மூட்டை அத்தனையும் பிரித்தேன், இல்லை. அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை தெலுங்கில் எழுதுகிறவர் என்பது அப்போதுதான் உறைத்தது. காகிதம் சிவப்பு மூட்டையில் சித்தூரில் கிடக்கிறது. சித்தூருக்கு எழுதிப் போட்டால் பதில் வர மாதமாகும். "நாளைக்கு வாங்க" என்றேன். அவர் நகரவில்லை.

"கல்லு நட்டவன் நாளைக்கு வர்றேன்னு சொல்லலியே சாமி, அன்னிக்கே நட்டுட்டு போய்ட்டானே!"

வியாழக்கிழமை

புதன்கிழமை லீவு போட்டுக் காட்பாடியில் சித்தூருக்கு ரயிலேறினேன். ராகவய்யா சிவப்பு மூட்டைகளை இழுத்துப் போட்டார். நான்காவதில் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

விசாரணை நடத்திய வெள்ளைக்காரத் துரை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெலுங்கு படிக்க அங்கே என்னை விட்டால் ஆளில்லை. நானே படித்தேன். இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று கேட்டுவிடுவாரோ என்று வரிக்கு வரி நிறுத்தாமல் வேகமாகப் படித்தேன். அவர் கேட்கவில்லை. கல்லைப் பிடுங்கிக் கொல்லைக்கு அப்பால் நடச் சொல்லிவிட்டார். வெளியே முனுசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேள சாமி, நீங்க இருந்தீங்க! வேற எவன் கையிலயாவது மாட்டியிருந்தா இந்தக் காகிதம் எங்கியோ போயிருக்கும்."

மற்றவர் தவறுக்கு நாம் வாங்கிய வசவெல்லாம் என் தவறுக்கு வாங்கிய இந்த ஒரு நன்றியோடு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய?