இரண்டு சர்வர், ஒரு சாவி

சுகர் டெஸ்ட்டுக்குப் போன இடத்தில் பஞ்சாயத்து பண்ண வேண்டி வரும் என்று யார் கண்டார்கள்?

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. கிழக்கேகோட்டையில் நண்பர் கணபதியின் லேப். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பெஞ்ச் நிறைய ஆட்கள்... எல்லோரும் என்னைப் போலவே வெறும் வயிறு!

ஒன்பது மணிக்கு, வலியசாலை வீட்டில் பூஜையை முடித்துக்கொண்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார் கணபதி. என்னைப் பார்த்ததும் புலம்பல்.

"பாத்தேளா? எப்பப் பார்த்தாலும் கேடாறது. ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு ரெண்டு சர்வர் வாங்கிப் போட்டும் பிரயோஜனமில்லை. செல்விக்கு வேலை தெரியலை. இந்த மாசத்தோட நிறுத்திடப் போறேன்."

செல்விதான் அங்கே சிஸ்டம் பார்ப்பவர். களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறார். பக்கத்திலேயே நின்றிருந்தார், கண்கள் கலங்கி. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு கம்ப்யூட்டரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணக்குப் போடுவதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. அதில் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை நாளுக்கு ஒருமுறை படுக்கிறது? படுத்தால், எழுந்திருக்க எவ்வளவு நேரம்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதை யாரும் சீண்டுவதில்லை.

"எழுதி வெச்சிருக்கியாம்மா?" என்றேன்.

நோட்டை நீட்டினார். நின்ற நேரம், கை வைத்த நேரம், மறுபடி ஓடிய நேரம் — எல்லாம் இருந்தது. ரிப்பேர் ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம்தான். ஆனால், கை வைப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம்!

"இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?"

"ரெண்டு சர்வரும் அந்தப் பூட்டின ரூமுக்குள்ளதான் சாரே. சாவி கிட்டாம நான் என்ன செய்ய?"

சாவி எங்கே? கணபதியின் பூணூலில், இடுப்போரமாகப் பத்திரமாகத் தொங்கியது. பூஜை நேரத்தில் அவர் போனையும் எடுக்கமாட்டார்.

"வெளியில விட்டா தொலைஞ்சுடுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

"சாவி தொலையலை ஓய். ஜனங்களோட காலைதான் தொலையறது" என்றேன். பசி பேசியது. நல்லவேளை, மனுஷர் சிரித்துவிட்டார். பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து செல்வியிடம் கொடுத்தார். சாயங்காலமே இன்னொரு சாவியும் செய்தாயிற்று. அதைச் செல்வியே வைத்துக்கொண்டார்.

மெஷினை மாற்றுகிறோம், ஆளை மாற்றுகிறோம்... நம் இடுப்பை மட்டும் தடவிப் பார்ப்பதே இல்லை.

நேற்று மறுபடி போனேன். சிஸ்டம் மறுபடி நின்றது. செல்வி உள்ளே போனார், பத்தே நிமிஷத்தில் வந்தார்.

ரிப்போர்ட் என் கைக்கு வந்தபோது, கணபதி இன்னும் பூஜையில்தான் இருந்தார்.